லெண்ட் கொடுப்பவருக்கு, பாரோ வாங்குபவருக்கு

கடன், இரவல் தொடர்பான ஆங்கிலச் சொற்களில் உள்ள சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். மலைப்பகுதி வாசகர்களின் கடிதங்கள் பெரும்பாலும் ‘லெண்ட்’ என்ற வினைச்சொல்லையே சுற்றி வந்திருக்கின்றன. படிக்கும்போது குழப்பம் வராமலிருக்க, நிகழ்காலத்தை ‘லெண்ட்’ என்றும் இறந்தகாலத்தை ‘லென்ட்’ என்றும் இங்கே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முதல் சொல் ‘டாலர்’ தொடங்கும் எழுத்தில் முடியும். இரண்டாவது ‘டேபிள்’ தொடங்கும் எழுத்தில் முடியும்.

கேள்வி (கல்லூரி மாணவி, கோத்தகிரி): தோழியிடம் 500 ரூபாய் வாங்கியதை ‘ஐ லெண்டட் ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்’ என்று எழுதினேன். வினைச்சொல்லில் மட்டுமே இரண்டு தப்பு என்று சுழித்துவிட்டார்கள். என்ன இரண்டு?

பதில்: முதலாவது சின்னது. ‘லெண்டட்’ என்று ஒரு வடிவமே இல்லை. லெண்ட், லென்ட், லென்ட், அவ்வளவுதான். இரண்டாவதுதான் பெரியது: நீங்கள் வாங்கினீர்கள், எழுதியதோ கொடுத்ததாக.

தமிழில் கடன், இரவல், கைமாத்து எல்லாம் பெயர்ச்சொற்கள். பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அடுத்து வரும் ‘கொடு’, ‘வாங்கு’ சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்தத் திசை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. லெண்ட் என்றால் கடனாகவோ இரவலாகவோ கொடுப்பது. பாரோ என்றால் வாங்குவது. ‘கடன்’ என்ற பொருளை மட்டும் மனதில் வைத்து லெண்டைப் பிடித்தால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும்.

எழுதும்போது ஒரு சோதனை செய்யுங்கள். அந்த இடத்தில் ‘கிவ்’ போட்டுப் பாருங்கள்; பொருந்தினால் லெண்ட். ‘டேக்’ பொருந்தினால் பாரோ. இந்தச் சோதனை பொருளுக்கு மட்டுமல்ல, வாக்கிய அமைப்புக்கும் உதவும். ‘கிவ் மீ தி அம்ப்ரெல்லா’ என்பதுபோல ‘லெண்ட் மீ தி அம்ப்ரெல்லா’. ‘கிவ் இட் டு ஹெர்’ என்பதுபோல ‘லெண்ட் இட் டு ஹெர்’. ‘டேக் இட் ஃப்ரம் ஹெர்’ என்பதுபோல ‘பாரோ இட் ஃப்ரம் ஹெர்’. ஆகவே லெண்டுடன் ‘டு’, பாரோவுடன் ‘ஃப்ரம்’. உங்கள் வாக்கியம் ‘ஐ பாரோட் ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்’ என்று வர வேண்டும். தோழி சொல்வதானால் ‘ஐ லென்ட் ஹெர் ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ்’.

‘லெண்ட் மீ வித்’ என்று நடுவில் ‘வித்’ போடுவதும், ‘பாரோ மீ யுவர் பென்’ என்று கேட்பதும் அடிக்கடி காணும் பிழைகள். இரண்டாவதற்காகக் கூச்சப்பட வேண்டாம். ஜெர்மன் மொழியில் இரண்டு திசைக்கும் ஒரே வினைச்சொல். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்கள் சிலவற்றில் பேச்சு வழக்கில் ‘பாரோ மீ’ இன்றும் காதில் விழும். தேர்வுத் தாளில் மட்டும் மார்க் போய்விடும்.

செயப்பாட்டு வினையிலும் இதே வேறுபாடு உண்டு. ‘ஐ வாஸ் லென்ட் எ ஜெர்கின்’ என்றால் எனக்கு ஜெர்கின் இரவல் தரப்பட்டது, சரியான வாக்கியம். ‘ஐ வாஸ் பாரோட்’ என்றால் என்னையே யாரோ இரவல் வாங்கிப்போனதாக ஆகிவிடும்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், குன்னூர்): ‘லோன்’ என்பதையும் வினைச்சொல்லாகப் பயன்படுத்துகிறார்களே, அதை மாணவர்களுக்குச் சரி என்று சொல்லலாமா?

பதில்: அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஹி லோன்ட் மீ ஹிஸ் கார்’ சாதாரணம், பல நூற்றாண்டுப் பழக்கமும் உண்டு. பிரிட்டிஷ் வழக்கில் லோனைப் பெயர்ச்சொல்லாகவும் லெண்டை வினைச்சொல்லாகவும் பிரித்து வைப்பதையே நல்ல நடை என்கிறார்கள். நம் பள்ளிகள் பின்பற்றுவது அந்த வழக்கு என்பதால் மாணவர்கள் லெண்ட் எழுதுவதே பாதுகாப்பு. அமெரிக்காவிலும்கூட பணம், பொருள் ஆகியவற்றுக்குத்தான் லோன் வினையாக வரும். உதவி, ஆதரவு, காது, பெயர், நம்பகத்தன்மை என்று கையில் பிடிக்க முடியாதவற்றுக்கு எங்கும் லெண்ட்தான். ‘லோன் மீ எ ஹேண்ட்’ என்றால் யாருக்கும் சிரிப்பு வரும்.

இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். பழைய ஆங்கிலத்தில் லெண்டின் கடைசியில் அந்த ‘ட்’ ஒலி இல்லை. இறந்தகால வடிவத்திலிருந்து பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. லோன் என்ற பெயர்ச்சொல் ஸ்காண்டிநேவிய மொழி வழியாக வந்து சேர்ந்தது.

கேள்வி (சிறு தேயிலை விவசாயி, மஞ்சூர்): கவாத்து வெட்டி, உரம் வைக்க பேங்கில் கடன் கேட்டிருக்கிறேன். கொடுத்த தாளில் லெண்டர், பாரோயர், கோ-பாரோயர், கேரண்டர், லெண்டிங் ரேட் என்று வரிசையாக இருக்கிறது. லெண்டிங் ரேட் என்றால் பேங்க் எங்களுக்குக் கொடுக்கிற வட்டியா?

பதில்: இல்லை, நீங்கள் பேங்குக்குக் கட்டுகிற வட்டி. லெண்டர் பேங்க், பாரோயர் நீங்கள். பேங்க் எந்த விகிதத்தில் கடன் கொடுக்கிறதோ அது லெண்டிங் ரேட். நீங்கள் டெபாசிட் போட்டால் கிடைப்பது டெபாசிட் ரேட். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் பேங்க் ஓடுகிறது.

‘மார்ஜினல் காஸ்ட் ஆஃப் ஃபண்ட்ஸ் பேஸ்டு லெண்டிங் ரேட்’ என்று நீளமாக ஒன்று இருக்கலாம். 2016 ஏப்ரலில் வந்த முறை அது: பேங்க் தனக்குப் பணம் திரட்ட ஆகும் செலவை வைத்துக் கணக்கிடும். 2019 அக்டோபர் 1 முதல் வீடு, வாகனம் போன்ற தனிநபர் கடன்களுக்கும் குறுந்தொழில், சிறுதொழில் கடன்களுக்கும் மாறும் வட்டி என்றால் ரெப்போ (பேங்குகளுக்கு ரிசர்வ் பேங்க் கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு பேங்குகள் அதை இணைக்க வேண்டும். உங்கள் தாளில் எது எழுதியிருக்கிறது, வட்டி நிலையானதா மாறுவதா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

கோ-பாரோயர் உங்களோடு சேர்ந்து கடன் வாங்கியவர். முதல் தவணையிலிருந்தே அவரும் கடனாளி. கேரண்டர் ஜாமீன்தாரர். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று சொல்லி அக்கம்பக்கத்தில் வாங்கிவிடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். சும்மா கையெழுத்து என்று அதில் எதுவும் இல்லை.

தாளில் லெண்டுக்கு அடுத்து வரும் சிறு சொற்களையும் கவனியுங்கள். விஷயம் பாதி அங்கேதான் இருக்கிறது. ‘லெண்ட் அட் 9 பர்சென்ட்’ என்பதில் ‘அட்’ வட்டியைக் குறிக்கும். ‘ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் காலம். ‘ஃபார் ப்ரூனிங்’ என்றால் நோக்கம், அதாவது கவாத்துக்காக. ‘அகெய்ன்ஸ்ட் கோல்ட்’ என்றால் நகையை ஈடாக வைத்து. இந்த ‘அகெய்ன்ஸ்ட்’ ‘எதிராக’ என்ற பொருளில் இல்லை. அது வருகிற வரியில் எதை ஈடு வைக்கிறீர்கள் என்று விரல் வைத்துப் படியுங்கள்.

இன்னொன்று, கடன் தொகையும் கைக்கு வரும் தொகையும் ஒன்றாக இருக்காது. 1,00,000 ரூபாய் கடனுக்கு 1 சதவீதம் பிராசஸிங் கட்டணம் என்றால் 1,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 180 ரூபாய். அதைக் கழித்துக் கொடுத்தால் கைக்கு வருவது 98,820. வட்டியோ முழு லட்சத்துக்கும் ஓடும். இதையெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளில் காட்ட வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் ரிசர்வ் பேங்க் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் கடன் அந்த வகையில் வருகிறதா என்று கேட்டு, வந்தால் தமிழில் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் ‘ப்ளீஸ் லெண்ட் மீ’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் நண்பரிடம் கேட்பதுபோல் இருக்கும். ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு சாங்ஷன் எ லோன் ஆஃப்’ என்று தொடங்கி, தொகை, நோக்கம், திருப்பிக் கட்டும் காலம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.

கேள்வி (மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர், கூடலூர்): ‘ஆன்-லெண்டிங்’ என்றால் ஆன்லைன் கடனா?

பதில்: அல்ல. ஓரிடத்தில் வாங்கிய கடனை மற்றவர்களுக்குக் கடனாகப் பிரித்துக் கொடுப்பது. பேங்க் உங்கள் குழுவுக்குக் கொடுத்து, குழு உறுப்பினர்களுக்குக் கொடுத்தால், குழு செய்வது ஆன்-லெண்டிங். பேங்குக்கு நீங்கள் பாரோயர், உறுப்பினருக்கு லெண்டர்.

கேள்வி (இல்லத்தரசி, கொடைக்கானல்): சீசனில் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். ‘ரூம்ஸ் ஃபார் லெண்ட்’ என்று போர்டு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். பணத்தைத் தவிர வேறு எதை லெண்ட் செய்தாலும் காசு வாங்குவதில்லை என்றுதான் பொருள். ஏரிக்கரை சைக்கிள் கடையில் போய் ‘கேன் ஐ பாரோ எ சைக்கிள்’ என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டால், சும்மா தருவீர்களா என்று கேட்டதாகத்தான் அர்த்தம். அங்கே ‘ஹயர்’ அல்லது ‘ரென்ட்’ வேண்டும். சிறிது நேரத்துக்குச் சைக்கிள், படகு, குதிரை என்றால் பிரிட்டிஷ் வழக்கில் ஹயர். அமெரிக்க வழக்கில் எல்லாவற்றுக்கும் ரென்ட்.

உங்கள் போர்டுக்கு ‘ரூம்ஸ் அவைலபிள்’ போதும். ‘டு லெட்’ என்று போட்டால் மாத வாடகைக்கு வீடு தேடுகிறவர் வந்து நிற்பார். லெட் என்பது எப்போதும் உரிமையாளர் செய்வது. ரென்ட் அப்படியல்ல, இரண்டு பக்கமும் போகும்: ‘ஐ ரென்ட் எ ஹவுஸ்’ என்றால் விட்டவரா, குடியிருப்பவரா என்பது தெரியாது. விட்டவர் என்றால் ‘ரென்ட் அவுட்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

‘லீஸ்’ என்ற சொல்லில் தனி எச்சரிக்கை. நம் ஊர்ப் பேச்சில் லீஸ் என்றால் ஒத்தி, அதாவது போக்கியம்: ஒரு மொத்தத் தொகையை வாங்கி வைத்துக்கொண்டு, வாடகை இல்லாமல் விட்டு, காலி செய்யும்போது வட்டியில்லாமல் திருப்பிக் கொடுப்பது. வெளிநாட்டார் அதே சொல்லை மாதாமாதம் வாடகை கட்டும் ஒப்பந்தம் என்றே எடுத்துக்கொள்வார்கள். பேசும்போதே தொகையையும் முறையையும் விளக்கிவிடுங்கள்.

கேள்வி (காய்கறி விவசாயி, ஊட்டி): வேளாண் கையேட்டில் ‘தி சாயில் லெண்ட்ஸ் இட்செல்ஃப் டு டீ’ என்று இருக்கிறது. மண் யாருக்குக் கடன் கொடுக்கிறது?

பதில்: யாருக்கும் இல்லை. ‘லெண்ட் இட்செல்ஃப் டு’ என்றால் இயல்பிலேயே ஏற்றதாக அமைவது. நீலகிரி மண் அமிலத்தன்மை உள்ளது, தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையிலான பி.ஹெச். தோதானது, அதைத்தான் சொல்கிறார்கள். இந்தப் பொருளில் வரும்போது எழுவாய் பெரும்பாலும் மண், சரிவு, கதை, குரல் போன்றதாக இருக்கும். மனிதரை எழுவாயாக்கினால் தொனி மாறும்: ஒருவர் ‘லெண்ட்ஸ் ஹிம்செல்ஃப் டு’ ஏதோ ஒன்று என்றால், ஒவ்வாத காரியத்துக்கு உடன்பட்டுவிட்டார் என்ற சாயல் வந்துவிடும்.

பிழை வரும் இடம் ‘டு’. அதன் பின்னே பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோதான் வரும். ‘டு க்ரோ’ தவறு, ‘டு க்ரோயிங்’ சரி. எதிர்மறையிலும் நன்றாகப் பயன்படும்: ‘திஸ் ஸ்லோப் டஸ் நாட் லெண்ட் இட்செல்ஃப் டு டிராக்டர்ஸ்.’ இந்தச் சரிவில் டிராக்டர் ஓட்ட வழியில்லை.

கேள்வி (டிரைவர், குன்னூர்): ‘லெண்ட் எ ஹேண்ட்’, ‘கிவ் எ ஹேண்ட்’ இரண்டும் ஒன்றா?

பதில்: உதவி என்ற பொருளில் ஒன்றே. ஆனால் மேடையில் ‘கிவ் ஹிம் எ பிக் ஹேண்ட்’ என்றால் கைதட்டச் சொல்கிறார்கள். அங்கே லெண்ட் வராது.

கேள்வி (வாசகி, ஊட்டி): நூலகத்தில் ‘லெண்டிங் செக்‌ஷன்’ என்ற பலகை உள்ள இடத்தில் எடுத்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? தேவாலயக் காலண்டரில் வரும் ‘லென்ட்’ இதே சொல்தானா?

பதில்: உறுப்பினர் அட்டை இருந்தால் கொண்டுபோகலாம். ‘ரெஃபரன்ஸ்’ என்று போட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். நூலகம் லெண்ட் செய்கிறது, நீங்கள் பாரோ செய்கிறீர்கள். காலண்டரில் இருப்பது தவக்காலம். வசந்தத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இரவலுக்கும் அதற்கும் உறவில்லை. முதலெழுத்து பெரியதாக இருந்தால் தவக்காலம் என்று தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி (சாலைப் பணி மேற்பார்வையாளர், கூடலூர்): டெண்டரில் ‘பாரோ பிட்’, ‘பாரோ ஏரியா’ என்று வருகிறது. மண்ணை யாரிடம் இரவல் வாங்குகிறோம், எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்?

பதில்: திருப்பிக் கொடுப்பதில்லை. கரை உயர்த்தவோ பள்ளம் நிரப்பவோ வேறிடத்திலிருந்து மண் எடுத்தால், எடுத்த குழி பாரோ பிட். ஓரிடத்தில் குறைத்து இன்னோரிடத்தில் சேர்ப்பது என்ற அளவில் மட்டுமே இங்கே பாரோ நிற்கிறது. கழித்தல் கணக்கில் பக்கத்து இலக்கத்திடம் ‘கடன் வாங்குவதும்’ ஆங்கிலத்தில் இதே சொல். கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் கேட்டால் வேறொரு பாரோ சொல்வார்கள்: ‘கிரீன்’ எனப்படும், குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் பந்தை உருட்டும்போது சரிவுக்காகக் குழியை விட்டு எவ்வளவு தள்ளிக் குறி வைக்க வேண்டுமோ அந்த அளவு. உங்கள் டெண்டரில் பார்க்க வேண்டியது இரண்டு. மண் எங்கிருந்து எடுக்கலாம், எவ்வளவு ஆழம் வரை என்ற நிபந்தனை ஒன்று. வேலை முடிந்ததும் குழியைச் சமப்படுத்தி, தண்ணீர் தேங்காமல் வடிகால் விடுவது யார் செலவு என்பது மற்றொன்று. அளவுப் பட்டியலில் அதற்குத் தனி வரி இருக்கிறதா என்று விலை போடுவதற்கு முன்பே பாருங்கள்.