ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியில் நேரம் கேட்கும் முன்மொழிவை வலுவாக எழுதுவது எப்படி?

புனே அருகே கோடத் கிராமத்தில் உள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியில் முதன்முறையாக நேரம் கேட்கவிருக்கும் ஓர் ஆய்வு மாணவர், முன்மொழிவில் அறிவியல் பின்னணியை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பின்னணியை ஒரு பக்கத்துக்குள் முடித்துவிட்டு, கேட்கும் மணிநேரத்துக்கான கணக்கிற்கு மிகுந்த இடம் கொடுங்கள் என்பதே என் பதில்.

நேர ஒதுக்கீட்டுக் குழு முதலில் பார்ப்பது, இந்தக் கேள்விக்கு இந்தத் தொலைநோக்கிதான் வேண்டுமா என்பதை. 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளில் 14 நடுவில் நெருக்கமாகவும், மற்ற 16 மூன்று கரங்களில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வரை பரந்தும் நிற்பதால், விரிந்த மங்கலான ஒளிவட்டத்தையும் அதனுள் இருக்கும் நுண்ணிய கட்டமைப்பையும் ஒரே நோக்கலில் பதிவுசெய்ய முடிகிறது. உங்கள் ஆய்வுக்கு இந்த இரண்டும் தேவை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அடுத்தது அதிர்வெண் பட்டை. 2020-இல் வானியலாளர் நிஸ்ஸிம் கனேகர் உள்ளிட்டோர் இதே தொலைநோக்கியைக் கொண்டு 7,653 விண்மீன் மண்டலங்களின் ஹைட்ரஜன் சமிக்ஞைகளை ஒன்றுசேர்த்து அளந்தார்கள். 1420 மெகாஹெர்ட்ஸில் பிறந்த அந்த அலை, செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் அலை நீண்டு அதிர்வெண் குறைவது) 1 அளவில் 710 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்து வந்துசேர்வதால் 550–850 மெகாஹெர்ட்ஸ் பட்டையைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. தனித்தனியே எந்த மண்டலமும் தென்படாது என்பதால்தான் அத்தனை மண்டலங்களும் தேவைப்பட்டன. கேள்வியிலிருந்து பட்டையும், பட்டையிலிருந்து உத்தியும் இப்படித் தானாகவே பின்தொடர வேண்டும். எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் இது.

மணிநேரக் கணக்கில்தான் பல நல்ல யோசனைகள் விழுந்துபோகின்றன. இரைச்சல், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஆகவே எதிர்பார்க்கும் ஒளிர்வு எவ்வளவு, அது இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு வலுவாகத் தெரிய வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி மணிநேரத்தைக் கணக்கிடுங்கள். 3சி 286 போன்ற, ஒளிர்வு ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த அளவுதிருத்த மூலங்களுக்குப் போகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ் அதிர்வெண்களில் மங்கலான மூலங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், ஓர் எல்லைக்குமேல் கூடுதல் நேரம் பயன் தராது. அந்த எல்லை எங்கே என்று நீங்களே எழுதிவிட்டால் குழுவின் நம்பிக்கை கூடும். எதுவும் தென்படாமல் போனாலும், ஒளிர்வு இதற்குமேல் இருக்க முடியாது என்று கிடைக்கும் உச்சவரம்பு எந்தக் கோட்பாட்டை நிராகரிக்கும் என்பதற்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்.

எழுதத் தொடங்கும் முன், பழைய நோக்கல்களின் தரவு உள்ள ஜி.எம்.ஆர்.டி. ஆவணக் காப்பகத்தில் உங்கள் வான்பகுதியைத் தேடிப் பாருங்கள். தேவையான தரவு அங்கே ஏற்கெனவே இருக்கக்கூடும். போதாது என்றால், ஏன் போதவில்லை என்பதே முன்மொழிவின் மிக வலுவான பத்தியாக அமையும்.