கண்களை மூடினால் எழும் கோபம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 46. இரண்டு ஆண்டுகளாக விடியற்காலையில் 40 நிமிடம் தியானத்தில் அமர்கிறேன். தொடக்கத்தில் வாய்த்த அமைதி இப்போது இல்லை. கண்களை மூடியதும், என் தாயார் இறுதி நாட்களில் படுக்கையில் கிடந்தபோது ஒருமுறைகூட வந்து பார்க்காத என் அண்ணனின் முகம் வந்து நிற்கிறது. மூச்சு வேகமாகிறது, சில நாட்களில் அழுதுவிடுகிறேன். எழுந்த பின் வீட்டில் யாராவது உரக்கப் பேசினாலும் எரிச்சல் வருகிறது. மனத்தை அடக்கத் தெரியாத எனக்கு யோகம் கைகூடாதா? இன்னும் அதிக நேரம் அமர வேண்டுமா?

– ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

அதிக நேரம் வேண்டாம். இப்போதைக்கு 15 நிமிடமாகக் குறையுங்கள்.

உங்களுக்கு நேர்வதை நான் தோல்வியாகக் கருதவில்லை. பகல் முழுவதும் வேலையும் பேச்சும் மூடி வைத்திருந்த துயரம், அவை ஓய்ந்த வேளையில் மேலெழுகிறது. யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் பதஞ்சலி, நோய், ஐயம், சோம்பல் முதலான 9 தடைகளைச் சொல்லி, அவற்றுடன் சேர்ந்து வருபவையாகத் துன்பம், மனக்கசப்பு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு ஆகியவற்றையும் குறிப்பிடுகிறார். உங்கள் கண்ணீரும் வேகமான மூச்சும் இந்த வழியில் நடப்பவர்களுக்கு வரக்கூடியவை என்று முன்பே அறியப்பட்டவைதாம்.

'மனத்தை அடக்குதல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அடக்குதல் வேறு, அடங்குதல் வேறு. முன்னது நாம் வலிந்து செய்வது. அதில் அழுத்தப்பட்டது எதிர்த்து எழும், அந்த எதிர்ப்பே பகலில் எரிச்சலாக வெளிப்படுகிறது என்பது என் கணிப்பு. அண்ணனின் முகம் வரும்போது அதைத் துரத்தாமல், 'இது கோபம், இதற்கு அடியில் அம்மாவை இழந்த வலி' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, உள்மூச்சைவிட வெளிமூச்சை நீளமாக விடுங்கள். மூச்சை வெளிவிடுவதால் மனம் தெளியும் என்பதும் அதே பாதத்தில் உள்ளதே. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிப்பதை உடலியலும் சொல்கிறது.

அண்ணனை உடனே மன்னித்தாக வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். இன்புறுவோரிடம் நட்பும் துன்புறுவோரிடம் கருணையும் நல்லோரிடம் மகிழ்ச்சியும் வேண்டும் என்ற சூத்திரம், தவறிழைத்தோரிடம் கேட்பது உபேட்சையை, அதாவது அவர்கள் செயலால் கலங்காத நிலையை மட்டுமே. அந்த நிலையும் ஆற்றாமையை விழுங்கிக்கொண்டு வருவதில்லை. எனவே, அந்த நாட்களில் நடந்ததை நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ நேரில் ஓர் ஆலோசகரிடமோ முழுமையாகச் சொல்லி அழுங்கள். தியானத்தின் மீது அந்தச் சுமையையும் ஏற்ற வேண்டாம்.

உறக்கம் கெட்டாலோ, படபடப்பு நாள் முழுவதும் நீடித்தாலோ, உங்கள் உடலே உங்களுடையதல்ல என்பதுபோல் தோன்றினாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இல்லையெனில், ஒரு மாதம் இவ்வாறு அமர்ந்து பார்த்துவிட்டு, அந்த முகம் வரும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.