மயக்கம் வந்தால் மருத்துவம் வேண்டாமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். இதய அறுவை சிகிச்சை ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பாதியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன், ஆனாலும் அந்த வேலைதான் வேண்டும் என்று தோன்றுகிறது. சரிப்படுமா?

பதில்: தாராளமாக. முதல்முறை பார்க்கும் மருத்துவ மாணவர்களிலேயே பலருக்குத் தலை சுற்றும், பழகினால் போய்விடும். (சாப்பிடாமல் போயிருப்பீர்கள்!) ஆனால் கத்தி பிடித்தவரை மட்டுமே பார்த்துவிட்டு வந்தீர்களோ என்று சந்தேகம். பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி இதயத்தை நிறுத்தியிருக்கும் நேரத்தில், கருஞ்சிவப்பாகக் குழாயில் போகும் ரத்தம் ஆக்சிஜன் ஏறிப் பளிச்சென்ற சிவப்பாகத் திரும்பி வருமே, இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் அந்த இயந்திரத்தருகே உட்கார்ந்து அதை இயக்குபவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். அதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது. தலைமாட்டில் மயக்க மருத்துவர் இருந்திருப்பார்.

அந்த இயந்திரமும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் பிறந்ததுதான். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்த பெண்ணுக்கு இரவெல்லாம் காவலிருந்த இளம் டாக்டர் ஜான் கிப்பன், அவர் பிழைக்காமல் போனதைப் பார்த்து அதை உருவாக்கக் கிளம்பினார். மனைவி மேரியும் கூடவே உழைத்தார். 20 வருடங்களுக்கு மேல் ஆயிற்று, 1953ல்தான் முதல் வெற்றி. அப்புறம், அடுத்த முறை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.