பள்ளிப் பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை நடத்த அரசு செலவு செய்ய வேண்டுமா?

அரசுப் பணத்தில் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சுகர் பார்க்கலாமா, ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் வருடத்தில் ஒருநாள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விரலில் குத்திவிட்டுப் போகும் முகாமுக்கு அந்தப் பணம் போய்விடக் கூடாது.

என் மகள் நான்காம் வகுப்பு படித்த வருடம், ஜூலையில் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. உயரம், எடை, கண், பல் எல்லாம் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அன்று சுகர் பார்த்திருந்தாலும் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும்.

அக்டோபரில் எல்லாம் மாறியது. பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் பத்தாமல் போனது. ஐந்து வருடமாக இல்லாத பழக்கமாகப் படுக்கையை நனைத்தாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்பினோம். அடிக்கடி வெளியே போகக் கேட்கிறாள் என்று வகுப்பில் திட்டு வாங்கினாள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார்தான் முதலில் கவனித்தார். "மாப்ள, பாப்பா ஒன்னுக்குப் போன எடத்துல எறும்பா மொய்க்குதுங்க" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்குச் சுகரா?

ஒரு மருத்துவரிடம் காட்டினோம். சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் இரவு வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு. வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸ் விரலில் குத்தி மீட்டரில் வைத்தார். எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. சுகர் 600ஐத் தாண்டினால் பல மீட்டர்கள் அப்படித்தான் காட்டும். நான்கு நாள் ஐசியூ. அந்தச் சோதனைக்கு ஆனது ஐந்தே விநாடி. அதை யாராவது பத்து நாள் முன்பே செய்திருந்தால் அவள் ஐசியூ பக்கமே போயிருக்க மாட்டாள்.

குழந்தைகளுக்கு வரும் டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் சர்க்கரை நோய், இப்படித்தான். உடம்புக்குள் பாதிப்பு எப்போதோ தொடங்கியிருக்கும், ஆனால் அறிகுறிகள் சில வாரங்களுக்குள் மளமளவென்று வந்துவிடும். ஜூலை முகாம் அக்டோபர் நோயைப் பிடிக்காது. பிடிக்கக்கூடியவர்கள் தினமும் பிள்ளையைப் பார்க்கும் டீச்சரும் வீட்டாரும்தான்.

இதற்கு இத்தாலியில் நல்ல உதாரணம் இருக்கிறது. பார்மா மாகாணத்தில் 1991இல் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களிடமும் போஸ்டர் ஒட்டினார்கள். படுக்கை நனைப்பதை விட்டிருந்த குழந்தை மறுபடி நனைத்தால், அதிகம் தண்ணீர் குடித்தால் சர்க்கரையைப் பாருங்கள் என்பதுதான் செய்தி. மருத்துவர்களுக்கு மீட்டரும் கொடுத்தார்கள். அதற்கு முன்பு, நோய் புதிதாகத் தெரியவரும் குழந்தைகளில் 78 சதவீதம் பேர் ரத்தத்தில் அமிலம் ஏறிய ஆபத்தான நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். அடுத்த சில வருடங்களில் அது 12.5 சதவீதமாகக் குறைந்தது. போஸ்டரும் மீட்டரும் செய்த வேலை!

பெரியவர்களுக்கு அதிகம் வரும் டைப் 2 விஷயம் வேறு. அது சத்தமில்லாமல் மெதுவாக வருவது, அதற்கு வருடாந்தரச் சோதனை பொருந்தும். ஜப்பானில் 1992 முதல் பள்ளிகளில் சிறுநீரில் சர்க்கரை பார்க்கிறார்கள். நம் நாட்டில் 2016–18இல் எடுத்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 10 சதவீதம் பேர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பதாக வந்தது. அது எச்பிஏ1சி, அதாவது கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை. இரும்புச்சத்துக் குறைவு அதைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் உடல் பருமன் உள்ள, பெற்றோருக்குச் சுகர் இருக்கிற பிள்ளைகளுக்காவது கட்டாயம் பார்க்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லார் முன்னாலும் எண்ணை வாசிப்பது பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய பயம் என்று எனக்குத் தெரியும்.

இதற்குப் புதிதாகத் துறை எதுவும் தொடங்க வேண்டியதில்லை. 2013 முதல் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. அவர்கள் வரும் நாளில் ஆசிரியர்களுக்கு அரைமணி நேரம் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். சந்தேகம் வந்த அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் குத்திப் பார்க்க ஸ்ட்ரிப் தீராமல் இருக்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு என்ன என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நாளைக்கு நான்கு தடவை பார்த்தால் எங்களுக்கு ஸ்ட்ரிப்புக்கு மட்டும் மாதம் இரண்டாயிரம் ரூபாய் ஆகிறது. கூலி வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? கேரள அரசு 'மிட்டாயி' என்ற பெயரில் டைப் 1 பிள்ளைகளுக்கு இலவசச் சிகிச்சைத் திட்டமே நடத்துகிறது.

சரி, ஆராய்ச்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பணத்தில் நடந்த பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் சொன்னது. அது 20 வயதுக்கு மேற்பட்டவர்களின் கணக்கு. என் மகள் அதில் இல்லை. இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வந்தவர்களைப் பதியும் ஐசிஎம்ஆர் பதிவேடு 2006 முதல் இருக்கிறது. அது பெரிய மருத்துவமனைகளோடு நிற்காமல் தாலுகா அளவுக்கு வர வேண்டும்.

அமெரிக்காவில் 1997இல் டைப் 1 ஆராய்ச்சிக்கென்றே தனி நிதி ஏற்படுத்தினார்கள். அந்த அரசுப் பணத்தில் இயங்கும் ஆய்வு வலையமைப்புதான் டெப்லிசுமாப் என்ற மருந்து, நோய் வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு அதைச் சுமார் இரண்டு வருடம் தள்ளிப்போடும் என்று காட்டியது. 2022இல் அங்கே அனுமதியும் கிடைத்தது. இரண்டு வருடம்தானே என்பார்கள். ஒன்பது வயதில் அவளைப் பிடித்துக்கொண்டுதான் ஊசி போட்டோம், பதினொரு வயதில் தானே போட்டுக்கொண்டாள். அந்த இரண்டு வருடத்துக்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

அவள் படித்த பள்ளியில் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு, களைப்பு என்று நான்கு அறிகுறிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். தலைமையாசிரியர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்ட விட்டார். மழையில் எழுத்து அழிந்துபோனதால் இந்த ஜூனில் புதிதாக ஒன்று ஒட்டிவிட்டு வந்தேன்.