எழுத்துத் துணைவர் மறைந்த பின் மறுபதிப்பு: கையெழுத்து யார் யாருடையது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்கிறார்: "நானும் நண்பரும் சேர்ந்து எழுதிய கொங்கு வட்டாரச் சொற்கள் பற்றிய நூல் 2014இல் வந்தது. நண்பர் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குள் மறுபதிப்புக் கொண்டுவர வேறொரு பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அவருடைய மனைவியும் இரண்டு மகள்களும் மறுக்கமாட்டார்கள். நான் மட்டும் கையெழுத்திட்டால் போதுமா?"

போதாது. இருவர் எழுதியதைப் பிரித்துக் காட்ட முடியாதபடி கலந்திருக்கும் நூலைத்தான் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பு என்கிறது. நீங்கள் அனுப்பிய கைப்பிரதிப் பக்கத்தில் 'ஒறம்பற' என்ற சொல்லுக்கு அவர் நீல மையில் பொருள் எழுதியிருக்கிறார்; அதை நீங்கள் பென்சிலால் திருத்தியிருக்கிறீர்கள்; அவர் மறுபடியும் ஓரத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறார். உங்கள் நூல் கூட்டுப் படைப்பு என்பதற்கு அந்த ஒரு பக்கமே போதும். இத்தகைய நூலை வெளியிட உரிமையாளர் அனைவரின் இசைவும் வேண்டும். இயல்களைத் தனித்தனியே எழுதியிருந்தால் உங்கள் இயல்களுக்கு நீங்களே உரிமையாளர், இங்கே அப்படியில்லை.

நண்பரின் உரிமை அவரோடு முடிந்துவிடவில்லை. உயில் இருந்தால் அதன்படி செல்லும். உயில் இல்லாமல் இந்துவாக இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள்கள் ஆகியோருடன், உயிரோடு இருந்தால் அவருடைய தாயாருக்கும் சமபங்கு உண்டு. தாயாரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீங்களும் குறிப்பிடவில்லை, ஆகவே முதலில் அதை விசாரியுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் பெறும் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, அதில் உள்ள அனைவரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். வாய்ச்சம்மதம் செல்லாது, எழுத்தும் கையொப்பமும் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர், தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட பவர் எழுதிக் கொடுக்கலாம்.

பழைய பதிப்பகத்தோடு செய்த ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். அதில் காலவரம்பு இல்லையென்றால் சட்டம் அதை ஐந்தாண்டு என்றே கொள்ளும். வரம்பு எழுதப்பட்டிருந்து அது இன்னும் முடியவில்லையென்றால், புதியவருக்குக் கொடுக்க உங்களிடம் உரிமை இருக்காது.

கூட்டுப் படைப்பின் பதிப்புரிமை, இருவரில் கடைசியாக மறைபவரின் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கும். அதாவது உங்கள் பிள்ளைகளும் அவர் பேரப்பிள்ளைகளும் இதே ஒப்பந்தத் தாளைப் பிரித்துப் படிக்கப்போகிறார்கள். ஆகவே ராயல்டியில் யாருக்கு எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். முகப்பில் அவர் பெயர் முன்பிருந்த இடத்திலேயே இருக்கட்டும்; நீங்கள் புதிதாகச் சேர்க்கும் சொற்களை உங்கள் பெயரில் தனிப் பின்னிணைப்பாகத் தாருங்கள். இத்தனையும் முடிய நாளானால், பதிப்பகத்தாரை அடுத்த ஆண்டுத் திருவிழாவரை பொறுக்கச் சொல்லுங்கள்.