அம்மா ஏன் மணி அடிப்பதில்லை?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது லெட்ரோசோல் மாத்திரை மட்டும். ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடாமல் பார்த்துக்கொள்கிறோம். நாற்காலிக்குப் பக்கத்தில் அழைப்பு மணி வைத்திருக்கிறோம். அடித்தால் யாராவது ஓடுவோம். இப்போதெல்லாம் அதையும் அவர் அதிகம் அடிப்பதில்லை. ஆனாலும் எப்போதும் சோர்வு, மூட்டு வலி, எடையும் ஏறிவிட்டது. என்ன சத்து மாத்திரை கொடுக்கலாம்?

பதில்: தம்பி, மாத்திரை அப்புறம். முதலில் அந்த மணியைப் பற்றிப் பேசுவோம்.

அதிகம் அடிப்பதில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டீர்களா? ஒரு டம்ளர் தண்ணீருக்காக மணி அடித்து, பிள்ளைகள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவதைப் பார்க்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நேற்றுவரை வீட்டையே நடத்தியவர், இன்று கேட்பதையே விட்டுவிட்டார். அது உங்கள் கண்ணில் படவே இல்லையே!

இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் பாசம் இருக்கிறது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டதாக ஒருவரும் எழுதுவதில்லை.

சிகிச்சைக்குப் பின் வரும் சோர்வு, ஓய்வெடுத்தால் போய்விடுகிற சாதாரணக் களைப்பு இல்லை. உட்கார உட்காரத் தசை கரையும். அப்புறம் நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கும், மறுபடி நாற்காலிதான். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால், இந்தச் சோர்வைக் குறைப்பதில் உடற்பயிற்சிக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது.

லெட்ரோசோல் உடலில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிறது. மூட்டு பிடித்துக்கொள்வதற்கும் எலும்பு மெலிவதற்கும் அது ஒரு காரணம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது நோய் திரும்பாமல் காக்கிற மருந்து. எலும்புக்கு வேண்டியது உடலின் பாரம். நின்று நடந்தால்தான் அந்தப் பாரம் எலும்பில் இறங்கும். இதயமும் இருக்கிறது. சில கீமோ மருந்துகளும், இடப்பக்க மார்பில் கொடுக்கும் கதிர்வீச்சும் இதயத்தைப் பாதிக்கக்கூடும். புற்றுநோயைத் தாண்டி வந்தவரை நாற்காலியில் வைத்து இதய நோய்க்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கை வீங்கிவிடும் என்று பயமா? அறுவை சிகிச்சையில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்தால், அந்தப் பக்கக் கையில் நீர் தேங்கி வீங்கக்கூடும். அதனால் அவர்கள் கனம் தூக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த பெண்களுக்கே கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவதும் குறைந்தது. பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் ஆரம்பித்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கும் சேர்த்துத்தான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை, உட்காரும் நேரத்தையும் குறைக்க வேண்டும். அம்மா முதல் வாரத்திலேயே அதைத் தொட வேண்டியதில்லை. டாக்டரிடம் எலும்பையும் இதயத்தையும் காட்டிவிட்டு, பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். காலையில் நடந்துவிட்டு மீதிப் பகல் முழுக்க உட்கார்ந்தால் பலன் போதாது. அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நிற்கட்டும். நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, ஒரு காலில் மட்டும் வீக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெற்றவளைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அந்தக் கடமையை ஒரு மணியிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். கூட நடக்கத்தான் ஆள் வேண்டும், தம்பி. மணி இரவில் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும், பகலில் எடுத்து உள்ளே வையுங்கள். தண்ணீர்ச் செம்பையும் எழுந்து போய் எடுக்கிற தூரத்தில் வையுங்கள். அப்புறம், தன் வேலைகளில் எதை முதலில் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறார் என்று இன்று மாலை அவரிடமே கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.