கேளுங்க சொல்றேன்: கதவத் தட்டி 'தாவோ போ'

போன இதழ்ல பேச்சுவாக்குல ஒரு வரி எழுதிட்டேன், என்எஸ், அதாங்க சிங்கப்பூர்ல பசங்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை, முடிச்ச கையோட ரெண்டு வருஷம் பிலிப்பைன்ஸ்ல மிஷனரியா இருந்தேன்னு. அவ்ளோதான், இந்த மாசம் வந்த கேள்வி முக்கால்வாசி அதப் பத்திதான். எச்டிபி வீடு, மாமியார், பிஎஸ்எல்இ மார்க் பத்தியெல்லாம் கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

தம்பி, என் மகன் சபை ஊழியத்துக்குன்னு பிலிப்பைன்ஸ் போய் நாலு மாசம் ஆச்சு, பத்தாங்காஸ் பக்கம் இருக்கான். வாரத்துக்கு ஒரு வாட்டிதான் வீடியோ கால். ஆளு எளைச்சுட்டான். கூட இருக்குற பையன் அவன என் வீட்டுக்காரர் பேரச் சொல்லிக் கூப்புடுறான். போன வாரம் கால்ல இருக்கும்போதே ஒரு வயசான அம்மா வந்துச்சு, அதுகிட்ட இவன் பேச்சுக்குப் பேச்சு 'போ போ'ங்கிறான். நான் அப்பிடியா வளத்தேன்? அங்க என்னதான் நடக்குது? - ஒரு அம்மா, ஈசூன்

அக்கா, மொதல்ல அந்த 'போ'வ முடிச்சிருவோம். தகாலோக் மொழில 'போ'ன்னா நம்ம 'ங்க' மாதிரி. பெரியவங்ககிட்ட பேசும்போது அத சேக்கலன்னாதான் மரியாதையில்லாத பய. ஆமாங்கன்னு சொல்ல 'ஓபோ'. வீட்டு வாசல்ல நின்னு கூப்புடணும்னா 'தாவோ போ', அதாவது மனுசன் வந்திருக்கேங்க. உங்க மகன் அந்த அம்மாவுக்கு மரியாத குடுத்து பேசியிருக்கான், நல்லாத்தான் வளத்திருக்கீங்க. என்ன ஒண்ணு, திரும்பி வந்த புதுசுல கொஞ்சம் கவனமா இருக்கச் சொல்லுங்க, நான் தேக்கா மார்க்கெட்ல கறிக்கடைக்காரர்ட்ட பழக்கதோஷத்துல ஒரு 'போ' போட்டுட்டு அவரு கத்திய கீழ வச்சுட்டு என்னப் பாத்த பார்வ இன்னும் மறக்கல.

அப்பா பேரு விஷயம், நம்ம எல்லாருக்கும் உள்ள தலவிதிதான். ஃபார்ம்ல குடும்பப் பேர் கேப்பாங்க, நமக்கு ஏது, கடைசில இருக்குற அப்பா பேரு போய் அங்க உக்காந்துக்கும். எங்க சபைல, அதாங்க பிந்தைய நாள் பரிசுத்தவான்கள், மார்மன்னு சொன்னா டக்குனு புரியும், ஆனா அந்தப் பட்டப்பேர் வேணாம்னு 2018ல சபையே சொல்லிருச்சு, மிஷனரிய சொந்தப் பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க, எல்டர்னு போட்டு குடும்பப் பேரு. கறுப்பு பேட்ஜ்லயும் அதான். எங்கப்பா ஜொகூர் தாண்டி எங்கயும் போனதில்ல, ஆனா லகூனா மாநிலத்துல மூணு ஊர்ல சின்னப் புள்ளைங்க அவரு பேரச் சொல்லிக் கத்திக்கிட்டே என் பின்னாடி ஓடி வந்திருக்குங்க. சொன்னப்போ மனுசனுக்கு ஒரே பெருமை.

எளைச்சது பத்தி கவலப்படாதீங்க, எல்லாம் நட. காலைல ஆறரைக்கு எந்திரிக்கணும், கொஞ்சம் எக்சர்சைஸ், படிப்பு, மொழிப்படிப்பு, அப்புறம் வெளிய போனா வெயில்ல நடையோ நட, ஜீப்னி, ட்ரைசிக்கிள்னு சுத்திட்டு ராத்திரி ஒம்போது ஒம்போதரைக்கு ரூமுக்கு வந்து பத்தரைக்கு லைட் ஆஃப். வாரத்துல ஒரு நாள் லீவு மாதிரி, நாங்க பீ-டேம்போம், அன்னிக்கு துணி தொவைக்க, மார்க்கெட் போக, வீட்டுக்குப் பேச. பட்டினி கெடக்க வாய்ப்பே இல்ல, அங்க யார் வீட்டுக்குப் போனாலும் மொத கேள்வி சாப்டாச்சாதான், நம்மள மாதிரியே. பிரச்சன என்னன்னா காரம் கெடையாது. புளிக்கு அங்க சம்பாலோக்னு பேரு, அதப் போட்டு சினிகாங்னு ஒரு சூப் வைப்பாங்க, மொத நாள் வாய்ல வச்சதும் ரசம்னு நெனச்சு எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு, ரெண்டாவது கரண்டிலதான் தெரிஞ்சுது மொளகும் இல்ல சீரகமும் இல்லன்னு.

நீங்க கேக்காத ஒண்ண நான் சொல்றேன் க்கா. உங்க மகனோட நெஜமான கஷ்டமும் சந்தோஷமும் சாப்பாட்டுல இல்ல, கூட இருக்குற அந்தப் பையன்லதான் இருக்கு. மிஷனரிங்க எப்பவும் ரெண்டு ரெண்டு பேரு. கம்பேனியன்னு பேரு. அவன நீங்க தேர்ந்தெடுக்க முடியாது, பாத்ரூம் தவிர எங்கயும் அவன விட்டுட்டுப் போகவும் முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவ ட்ரான்ஸ்ஃபர் நியூஸ் வரும், சில நேரம் நீங்க மாறுவீங்க, சில நேரம் அவன் மாறுவான், சில நேரம் ரெண்டு பேரும் மாறாம இன்னொரு ஆறு வாரம் ஒருத்தன ஒருத்தன் மொறச்சுக்கிட்டே ஓட்டணும். என்எஸ் பங்க்லயாவது, அதாவது கேம்ப்ல தூங்குற ரூம்லயாவது, பத்து பேரு இருப்பாங்க, ஒருத்தன் புடிக்கலன்னா இன்னொருத்தன்ட்ட போய் பொலம்பலாம்.

என் மொத கம்பேனியன் இலோகோஸ்காரன், அந்த ஊர் ஆளுங்க கஞ்சம்னு அங்க ஒரு பேச்சு உண்டு, இவன் அதுக்கு வாழும் சாட்சி. ரூம்ல ஒரே ஒரு டேபிள் ஃபேன். நான் என் பக்கம் திருப்பி வச்சா நடுராத்திரி எந்திரிச்சு அவன் பக்கம் திருப்புவான், சுத்த விட்டா கரண்ட் வீண்ங்கிறான், அதெப்பிடிடா வீண்னு தகாலோக்ல சண்ட போட எனக்கு அப்ப வார்த்த பத்தல, அந்த சண்டைக்காகவே ராத்திரி உக்காந்து வினைச்சொல் படிச்சேன், அதுல மொழி வந்துச்சு. அவன் ட்ரான்ஸ்ஃபர் ஆகி பஸ் ஏறுன அன்னிக்கு ராத்திரி ஃபேன் முழுசா எனக்குத்தான், தூக்கம் வரல.

அதனால கால்ல 'என்ன சாப்ட, ஏன் எளைச்ச'ன்னு அரமணி நேரத்த தின்னுடாதீங்க. 'இந்த வாரம் அவனோட என்ன சண்ட'ன்னு கேளுங்க, அப்புறம் பாருங்க வாய. எங்க காலத்துல வீட்டுக்கு ஃபோன் வருஷத்துக்கு ரெண்டே தடவ, கிறிஸ்மஸும் அன்னையர் தினமும். 2019 பிப்ரவரிலதான் வாராவாரம் பேசலாம்னு மாத்துனாங்க. நீங்க குடுத்து வச்சவங்க.

மதம் மாத்தத்தானே போய்ப் பழகுறீங்க? அதுல என்ன ஃப்ரெண்ட்ஷிப்? கோவிச்சுக்காம பதில் சொல்லுங்க. - தோ பாயோ வாசகர்

கோவம்லாம் இல்ல, என்கிட்ட நானே பல தடவ கேட்டுக்கிட்டதுதான்.

மொதல்ல என்னையப் பாத்து ஊரே ஓடுன கதையச் சொல்லிட்டு வர்றேன். பிலிப்பைன்ஸ்ல இந்தியன் மூஞ்சிய பாத்தா 'பும்பாய்'ம்பாங்க, பம்பாய்ங்கிறதுதான் அப்பிடி ஆயிருச்சு. அங்க பாதிப் பேருக்குத் தெரிஞ்ச இந்தியன் யாருன்னா மோட்டார்சைக்கிள்ல வர்ற வட்டிக்காரர். ஃபைவ்-சிக்ஸ்னு பேரு, 5 வாங்குனா 6 திருப்பித் தரணும், கணக்குப் போட்டா 20 சதவீதம். அடம் புடிக்கிற புள்ளைங்கள பும்பாய் புடிச்சுட்டுப் போயிருவான்னு மெரட்டுவாங்க, நம்ம பூச்சாண்டி மாதிரி. இப்ப நெனச்சுப் பாருங்க, கறுப்பா, நெட்டையா, டை கட்டிக்கிட்டு, கைல பை வச்சுக்கிட்டு நான் வாசல்ல நின்னு தாவோ போங்கிறேன். உள்ள டிவி சத்தம் டக்குனு நிக்கும், வெளக்கு அணையும், புள்ள வந்து அம்மா வீட்ல இல்லன்னு சொல்லும், பின்னாடியே அம்மா குரல், நல்லா சொல்லு ஊருக்குப் போயிருக்கான்னு. நம்மூர்ல ஆலோங், அதாவது கந்துவட்டிக்காரன், வந்தா எப்பிடியோ அப்பிடி.

அப்பிடி ஓடாத ஒரே ஆளு எங்க ரூமுக்குக் கீழ சாரி-சாரி கடை, அதாவது பொட்டிக்கடை, வச்சிருந்த நானாய். நானாய்னா அம்மா, அங்க எல்லாரும் அப்பிடித்தான் கூப்புடுவாங்க. மொத நாளே தெளிவா சொல்லிருச்சு, நான் பொறந்ததும் கத்தோலிக், போறதும் கத்தோலிக், அத விட்டுட்டு வேற என்ன வேணா பேசு, சாப்டியா? அந்த நாட்டுல நூத்துக்கு எண்பது பேருக்குக் கிட்ட கத்தோலிக், இது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா அந்த வார்த்தைக்கு அப்புறம் நானாய்கிட்ட எனக்கு ஒரு வேலையும் இல்லாமப் போச்சு பாருங்க, அங்கதான் விஷயமே. ஒரு எதிர்பார்ப்பும் இல்ல, சும்மா போய் ஸ்டூல்ல உக்காந்து சோடா குடிச்சுட்டு என் ஓட்ட தகாலோக்கத் திருத்திக்கிட்டு வருவேன்.

2009 செப்டம்பர் 26, ஒன்டாய் புயல். மணிலால ஒரே நாள்ல 450 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அந்தத் தண்ணி பூரா எங்க பக்கம் ஏரில வந்து சேந்து ஏரிக்கரை ஊர்லாம் வாரக்கணக்கா முங்கிக் கெடந்துச்சு. வேதத்த மூடி வச்சுட்டு சேறு அள்ளுறதுதான் எங்க வேல. நானாய் கடைல இடுப்பளவு தண்ணி, அரிசி மூட்ட, சோப்பு, ஷாம்பு பாக்கெட் சரம் எல்லாத்தையும் நாங்க மாடிக்கு ஏத்துனோம், அது ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே நிக்குது, பசங்க சோப்பு திருடிருவாங்கன்னு பயமான்னு கேட்டேன், இல்லடா பும்பாய், என்கிட்ட இவ்ளோ சரக்கு இருக்குன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுதுன்னுச்சு.

அதே வருஷம் இன்னொருத்தர், ஞானஸ்நானம் வரைக்கும் வந்தவரு. வாரத்துல நாலு தடவ அவர் வீட்டுக்குப் போவோம், அவர் மகன் பர்த்டேக்கு கேக் வாங்கிட்டுப் போனேன். எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்துச்சு, அப்புறம் ஒரு மெயில் கூட நான் அவருக்குப் போடல. யாரும் என்ன தடுக்கல, நானாத்தான். இப்ப அவர் மொகம்கூட சரியா ஞாபகம் இல்ல. உங்க கேள்விக்கு என் பதில் இந்த ரெண்டு பேருந்தான் சார், ரெண்டுமே நான் பண்ணதுதான். நானாய் பேத்தி இப்பவும் ஃபேஸ்புக்ல எனக்கு மெசேஜ் பண்ணுது, போன வருஷம் நானாய் தவறிருச்சுன்னு சொன்னதும் அதுதான்.

அண்ணே, நான் ஓஆர்டி ஆயிட்டேன், என்எஸ் முடிஞ்சுது, அடுத்த வருஷம் இதே மாதிரி போகலாம்னு இருக்கேன். ரிசர்விஸ்ட் என்ன ஆகும்? - உட்லண்ட்ஸ் தம்பி

வெளிநாட்ல ரெண்டு வருஷம் இருக்கப் போறன்னா எக்சிட் பெர்மிட், அதாவது என்எஸ் கடமை உள்ளவங்க வெளிநாட்ல தங்க வாங்குற அனுமதி, எடுத்துட்டுப் போ, டிக்கெட் போட்டதுக்கு அப்புறம் ஞாபகம் வந்து ஓடாத. சாமி காரியம்னு சொன்னாலும் ஃபார்ம் ஃபார்ம்தான். அப்புறம் நல்ல செருப்பு இல்ல, நல்ல ஷூ, ரெண்டு ஜோடி, மழைல நனைஞ்சா காய மூணு நாள் ஆகும்.

என் பெஸ்ட் ஃப்ரெண்ட் 18 மாசத்துக்கு மிஷன் போறா. நாங்க சாமி கும்புடுற குடும்பம், அவகிட்ட என்ன எழுதுறதுன்னே தெரியல. - செங்காங்

நீ சாமியப் பத்தி எழுதவே வேணாம்மா, அதான் அங்க காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அவளுக்கு இருக்கே. சிராங்கூன் ரோட்ல தீபாவளி லைட் இந்த வருஷம் எப்பிடி, உங்க புளோக் பூன குட்டி போட்டுச்சா, யாருக்கு யாரோட பிரேக்கப், இத எழுது. என்கூட பங்க்ல இருந்த மலாய்க்காரப் பையன் ஒருத்தன், ரெண்டு வருஷமும் எனக்கு எழுதுனது ஃபுட்பால் மட்டுந்தான். எங்களுக்கு டிவி கெடையாது. 2010 வேர்ல்ட் கப் ஃபைனல், ஸ்பெயின் ஜெயிச்சது, இனியஸ்டா 116வது நிமிஷம் அடிச்ச கோலு, அத ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தான், பீ-டே அன்னிக்கு கம்ப்யூட்டர் கடைல உக்காந்து படிச்சுட்டு நான் போட்ட சத்தத்துல கேம் வெளையாடுன பசங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவன் ஒரு தடவ கூட மிஸ் யூ எழுதல. மொளகாத்தூள் அனுப்புனா ரெண்டு கவர் போட்டு அனுப்பு, என் பார்சல்ல ஒடைஞ்சு ஆறு சட்டையும் செவந்துருச்சு.

சிங்கப்பூருக்கு அப்பிடி வந்த பொம்பள மிஷனரி யாராவது உண்டா? ஸ்கூல் ப்ராஜெக்ட். - மாணவி, பூன் லே

சோஃபியா பிளாக்மோர். ஆஸ்திரேலியாக்காரங்க, மெதடிஸ்ட், 1887ல இங்க வரும்போது வயசு 29. வந்த வேகத்துல ஆகஸ்ட் மாசமே ஷார்ட் ஸ்ட்ரீட்ல ஒம்போது தமிழ்ப் பொண்ணுங்கள வச்சு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, தமிழ்ப் பெண்கள் பள்ளின்னே பேரு. அதுதான் வளந்து இன்னிக்கு மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. எம்ஜிஎஸ் பேரச் சொல்லிக்கிறவங்கள்ல எத்தன பேருக்கு இது தெரியும்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தெலோக் ஆயர் பக்கம் பெரானாக்கான், அதாவது மலாய் பேசுற உள்ளூர்ச் சீனர், வீடு வீடாப் போய் பொண்ணுங்கள படிக்க அனுப்புங்கன்னு கேட்டவங்க, பொண்ணுக்கு எதுக்குப் படிப்புன்னு கதவு சாத்துன வீடும் உண்டு. அதுக்காகவே மலாய் கத்துக்கிட்டாங்க. 1928லதான் ஊர் திரும்புனாங்க, 40 வருஷம், நம்ம ரெண்டு வருஷத்துக்கே இவ்ளோ கத அளக்குறோம்.

பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுல இன்னிக்கும் எதுக்கு ஏங்குறீங்க? பாலூத் சாப்டீங்களா? - ஜூரோங் வெஸ்ட் ரசிகை

பாலூத், அந்த குஞ்சு இருக்குற வாத்து முட்ட, ஒரு தடவ சாப்டேன், கண்ண மூடிக்கிட்டு, கம்பேனியன் வீடியோ எடுக்காத காலம்ங்கிறதால தப்பிச்சேன். ஏங்குறது புத்தோ பும்போங்குக்குத்தான். கிறிஸ்மஸ் நேரத்துல விடியக்காலைல பூசைக்குப் போறவங்களுக்காக சர்ச் வாசல்ல மூங்கில் குழாய்ல அவிச்சு, தேங்காப்பூவும் வெல்லச் சக்கரையும் போட்டு வாழ இலைல தருவாங்க. அதேதாங்க, குழாப்புட்டு, பேருகூட பாதி நம்மளுது, நெறம் மட்டும் ஊதா. டிசம்பர் ஞாயித்துக்கெழமைல பிலிப்பைன்ஸ்காரங்க கூடுற லக்கி பிளாசா பக்கம் போறப்போ யாராவது கைல அது இருந்தா எங்க வாங்குனீங்கன்னு கேட்டுப் பாப்பேன், 'போ' சேத்துத்தான்.